நாலு பிளஸ்

— இது உங்க மூத்திரம் இல்ல.

— என்ன மேடம், பொசுக்குன்னு இப்படிச் சொல்லிட்டீங்க? காலைல என் கையாலதான குடுத்தேன்?

— கை உங்களோடதுதான். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. கப்புக்குள்ள இருந்ததுதான் வேற யாரோடதோ.

— சத்தியமா மேடம்...

— சத்தியம் எல்லாம் வேண்டாம். இருபத்தாறு வருஷமா இந்த லேப்ல உக்காந்து ஊர் உலகத்து ரத்தத்தையும் மூத்திரத்தையும் பாத்துக்கிட்டிருக்கேன். மனுஷன் பொய் சொல்லுவான். மூத்திரத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

— மேடம், ரிப்போர்ட்டைக் குடுத்துடுங்க மேடம், புண்ணியமாப் போகும். நாலு மணிக்குள்ள துறைமுக ஆபீஸ்ல நீட்டணும். இல்லன்னா நாளைக்கு கிரேன்ல கால் வைக்க விடமாட்டான். பதினோரு வருஷம் மேல உக்காந்து ஓட்டினவனைக் கீழ நிக்க வெச்சா நான் என்ன பண்ணுவேன், கொக்கியைப் பாத்துக் கொட்டாவி விடுவேனா?

— கிரேன் எவ்வளவு உயரம்?

— நாப்பது மீட்டர்.

— அங்க இருக்கும்போது அவசரமா வந்தா?

— பாட்டில்தான் மேடம். ஏணியில ஏறி இறங்கவே இருபது நிமிஷம் ஆகும்ல.

— ஆக, பாட்டில் பழக்கம் உண்டு. இந்தக் கப்புக்கும் பாட்டில்ல இருந்துதான் ஊத்தியிருக்கீங்க.

— ஐயையோ, நான் எப்ப அப்படிச் சொன்னேன்?

— கப்பை நீங்க நீட்டும்போதே ஜில்லுனு இருந்துச்சு. உடம்புல இருந்து நேரா வந்தது வெதுவெதுன்னு இருக்க வேணாமா? உங்க கிரேன் மேல இருந்து பெஞ்சிருந்தாக்கூட அவ்வளவு ஆறியிருக்காது.

— அது... உங்க டாய்லெட்ல செம குளிர் மேடம். ஏசி.

— எங்க டாய்லெட்ல ஃபேனே கிடையாது.

— சத்தியமா மேடம், என்னை நம்புங்க...

— பாருங்க தம்பி. இது உங்க ரத்தம். இந்த ட்யூப்பை உங்க கையில இருந்து நானே எடுத்தேன், ஊசியைப் பாத்ததும் நீங்க கண்ணை மூடிக்கிட்டு "ஆச்சா ஆச்சா"ன்னு கேட்டீங்க. அதனால இது நீங்கதான். இதுல ஆல்புமின் நாலு புள்ளி அஞ்சு. அருமையா இருக்கு.

— ஆல்புமின்னா?

— ரத்தத்துல இருக்கிற புரதம். கல்லீரல் செய்யுது. ரத்தக்குழாய்க்குள்ள தண்ணியை வெளிய விடாம பிடிச்சு வெச்சிருக்கிறது அதுதான். சிறுநீரகத்துக்கு என்ன வேலைன்னா, கழிவை வெளிய தள்ளணும், இந்தப் புரதத்தை மட்டும் தாண்ட விடக்கூடாது. புரிஞ்சுதா?

— புரிஞ்சுது. எனக்கு நல்லா இருக்குன்னு சொல்றீங்க. அப்புறம் என்ன மேடம் பிரச்சினை?

— இப்ப கப்புக்கு வருவோம். சோதனைக் குச்சியை முக்கினேன். மஞ்சளா இருந்த கட்டம் கரும்பச்சை ஆயிடுச்சு. புரதம் நாலு பிளஸ். அதுக்கு மேல போடறதுக்குக் குச்சியில கட்டமே இல்ல. குச்சி கெட்டுப்போச்சோன்னு, பழைய காலத்து முறையில ட்யூப்ல ஊத்தி, ரெண்டு சொட்டு ஆசிட் விட்டுச் சூடு பண்ணினேன். முட்டை வெள்ளைக்கரு வேகுமே, அப்படி வெள்ளை வெளேர்னு கட்டியாயிடுச்சு.

— நாலு பிளஸ்ஸா? நாலு பிளஸ்னா நல்லதுதான? எங்க பொண்ணு ஸ்கூல்ல பிளஸ் வாங்கிட்டு வந்தா வீட்டையே ரெண்டு பண்ணிடுவா.

— ஐயா சாமி! இங்க பிளஸ் வாங்கினா வீடு ரெண்டாகாது, ஆள்தான் ரெண்டாவான். வீங்கி. இவ்வளவு புரதம் வெளிய ஒழுகினா ரத்தத்துல ஆல்புமின் ரெண்டுக்கும் கீழ போயிருக்கணும். கொழுப்பு தாறுமாறா ஏறியிருக்கணும். காலு பன்னு மாதிரி இருக்கணும். உங்க கால் எப்படி இருக்கு? தூக்குங்க பேண்ட்டை.

— இங்கயா?

— ரொம்ப வெக்கப்படாதீங்க. கணுக்கால் வரைக்கும் போதும். ம்... கொக்குக் கால். பாத்தீங்களா? எங்கிட்ட ஒரு வழக்கம் இருக்கு. ஏதாவது ஏடாகூடமா வந்தா, ரத்தத்தையும் மூத்திரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பேன். புருஷன் பொண்டாட்டி மாதிரி ரெண்டும் சண்டை போட்டாலும் ஒரே வீட்டுச் சண்டையா இருக்கணும். இது ரெண்டும் வேற வேற தெருவுல நின்னு கத்துது.

— மேடம்... உங்களை அக்கான்னு கூப்பிடலாமா?

— கூப்பிடு. ஆனா அக்கான்னு கூப்பிட்டா நான் நீ, வா, போன்னுதான் பேசுவேன். திட்டவும் செய்வேன்.

— திட்டுங்கக்கா. செருப்பால வேணாலும் அடிங்க. நாலு மணிக்குள்ள அடிச்சு முடிச்சுடுங்க, அவ்வளவுதான்.

— எதுக்குடா மாத்தின?

— குடிதான்க்கா. வேற என்ன. குடிச்சா மூத்திரத்துல ரொம்ப நாள் காட்டும்னு எங்க துறைமுகத்துல சரக்கு இழுக்கற வின்ச்காரன் சொன்னான். ரத்தத்துல நாலு நாள்ல போயிடுமாம். அதனால ரத்தத்துக்காக நாலு நாள் வாயைக் கட்டினேன், மூத்திரத்துக்காக இந்த ஏற்பாடு.

— உங்க வின்ச்காரன் டாக்டரா?

— பத்தாவது ஃபெயில்.

— தெரியுது. இங்க பாரு ராசா, கல்லீரல்ல சில என்ஸைம் இருக்கு. செல்லு நல்லா இருந்தா அது உள்ளயே அடக்கமா இருக்கும். செல்லு அடி வாங்க வாங்க ரத்தத்துல சிந்தும். குடிகாரனுக்குன்னே காமா ஜிடின்னு ஒன்னு எகிறும். அம்பதுக்குள்ள இருக்கணும். உனக்கு நூத்தி எழுபத்தி ரெண்டு. நாலு நாள் வாயைக் கட்டினா இறங்காது, வாரக்கணக்குல ஆகும்.

— நூத்தி எழுபத்தி ரெண்டா! அடப்பாவி, அது என் உயரம்க்கா!

— உன் உயரத்துக்குக் குடிச்சிருக்க. நீ கஷ்டப்பட்டு மாத்தினியே மூத்திரம், அதுல குடியைப் பத்திப் பாக்கச் சொல்லி உங்க ஆபீஸ் எழுதவே இல்ல. சர்க்கரையும் புரதமும்தான் கேட்டிருக்காங்க. உன்னோடதைக் குடுத்திருந்தா அந்தப் பக்கம் சுத்தமா வந்திருக்கும்.

— போச்சு. எல்லாம் போச்சு. நான் வின்ச்காரனை நாளைக்கு வின்ச்சுலயே கட்டித் தொங்க விடறேன்.

— அதை அப்புறம் பண்ணு. இப்ப நான் கேக்கிறதுக்கு பதில் சொல்லு. கப்பு யாரோடது?

— அது எதுக்குக்கா? அதான் தப்புன்னு ஒத்துக்கிட்டேன்ல. தூக்கிக் கொட்டிட்டு வேற கப் குடுங்க. தண்ணி குடிச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல ரொப்பித் தரேன், சூடா, ஆவி பறக்க.

— உனக்கு நான் சொன்னது மண்டையில ஏறலையா? இந்தக் கப்புக்குச் சொந்தக்கார ஆளோட சிறுநீரகம் சல்லடை ஆயிருக்கு. உடம்பு செய்யற புரதமெல்லாம் டாய்லெட்டுக்குப் போகுது. இப்படியே விட்டா வயித்துல தண்ணி கட்டும், கிருமி தொத்தும், ரத்தம் உள்ளயே உறையும், உயிருக்கே ஆபத்தாப் போகலாம். நீ கிரேனைப் பத்திப் பேசிக்கிட்டிருக்க. யாருடா அது? வின்ச்காரனா?

— இல்லக்கா.

— காசு குடுத்து வாங்கினியா?

— சீ, மூத்திரத்தை யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா? வீட்டுலதான்.

— வீட்டுலன்னா?

— ...சம்சாரம்.

— அவங்களாவே குடுத்தாங்களா, இல்ல தெரியாம எடுத்தியா?

— கேட்டுத்தான்க்கா. ராத்திரியே கால்ல விழுந்து கேட்டேன். "உன்னை மாதிரி சுத்தமான மனுஷி இந்த வீட்டுல யாரு இருக்கா"ன்னு ஐஸ் வெச்சேன். காலைல பாத்ரூம் ஜன்னல்ல இருமல் மருந்து பாட்டில்ல வெச்சிருந்தா. நல்லாக் கழுவின பாட்டில்தான். ஒரு வாய்தான் இருந்துச்சு. "என்னடி, இவ்வளவு சிக்கனமா?"ன்னு கேட்டேன். முறைச்சா. டிபன் பாக்ஸ் பையில போட்டு எடுத்துட்டு வந்தேன்.

— கொஞ்சமாத்தான் வந்துச்சா. நுரை இருந்துச்சா?

— ஆமா. சோப்பை சரியாக் கழுவலையோன்னு நெனச்சேன்.

— அது சோப்பு இல்ல. புரதம். உன் சம்சாரத்துக்கு உடம்பு எப்படி இருக்கு? முகம் வீங்குதா? கால் கனக்குதுன்னு சொல்றாங்களா?

— கால் வலிக்குதுன்னு தினம் சொல்லுவா. ஜெராக்ஸ் கடையில நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை. நான்... நான் அதைக் காதுலயே போட்டுக்கிட்டதில்லக்கா.

— சோர்வா இருக்காங்களா?

— இருக்கா. ராத்திரி தட்டை வெச்சிட்டு அப்படியே உக்காந்திருப்பா. நான் எனக்காகத்தான் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கான்னு நெனச்சு, அதுக்கும் சேத்து வெளிய போய்க் குடிச்சிட்டு வருவேன். அக்கா, என்னக்கா இது? அவளுக்கு ஏதாவது ஆயிடுமா? நாப்பது மீட்டர்ல பயப்படாதவன்க்கா நான்.

— பதறாத. அவங்க இப்ப எங்க?

— கீழதான். வண்டிகிட்ட நிக்கிறா. ரிப்போர்ட் எப்படி வந்தாலும் நான் நேரா பாருக்குப் போயிடுவேன்னு, கடைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு காவலுக்கு வந்திருக்கா.

— ஜன்னல் வழியா கூப்பிடு.

— ஏய்! ஏய், இங்க மேல! வா மேல! வண்டியை விட்டுட்டு வா, யாரும் திருட மாட்டான் அதை! வராக்கா. பாருங்க, எவ்வளவு மெதுவா படி ஏறுறா. முன்னெல்லாம் ரெண்டு ரெண்டு படியாத் தாவுவா. நான் எருமை மாடுக்கா. பக்கத்துலயே படுத்திருக்கேன், பாக்கலையே.

— அழாத. அவங்க பயந்துடுவாங்க.

— வந்து... என்னங்க, என்ன ஆச்சு? எதுக்கு இப்படிக் கண்ணு கலங்கி நிக்கிறீங்க? கிரேன் போச்சா?

— கிரேனை விடு. நீ உக்காரு. இந்த ஸ்டூல்ல உக்காரு. தண்ணி குடிக்கிறியா?

— எனக்குத் தண்ணி குடுக்கிறீங்களா? வந்து... அக்கா, இவருக்கு உள்ள ஏதாவது ஊசி போட்டீங்களா?

— இல்லம்மா. உன் காலைக் கொஞ்சம் நீட்டு.

— அக்கா, அந்த பாட்டில் விஷயம் தெரிஞ்சுடுச்சா? தப்புதான்க்கா. இவர் கெஞ்சினாரு. வேலை போயிட்டா வீட்டு வாடகைக்கு என்ன பண்றதுன்னுதான் நானும்...

— அதுக்கு இல்ல. காலை நீட்டு. எலும்பு மேல கட்டைவிரலை வெச்சு அமுக்கப் போறேன். வலிக்குதா?

— இல்ல.

— எடுக்கிறேன். வீக்கம் இருந்தா குழி விழும், விழல. ம்? அந்தக் காலையும் காட்டு. இதுலயும் இல்ல. மோதிரத்தைக் கழட்டு பாப்போம்.

— இது எப்பவும் லூசாத்தான் இருக்கும்க்கா. மாவு பிசையும்போதெல்லாம் கழண்டு விழும்.

— காலைல எழுந்தா முகம் உப்பி இருக்குமா?

— இவர் போடற சத்தத்துல தூங்கினாத்தானக்கா உப்பறதுக்கு.

— எடை ஏறியிருக்கா?

— ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கு.

— ஏய், மறைக்காத! எதுவா இருந்தாலும் சொல்லிடு. நான் பாத்துக்கறேன். இனிமே ஒரு சொட்டு தொடமாட்டேன், இந்த அக்கா சாட்சி. என் சிறுநீரகத்தை வேணாலும் எடுத்து உனக்கு வைக்கச் சொல்றேன். கல்லீரல்தான் கொஞ்சம் சுமாராம், சிறுநீரகம் ஜோரா இருக்காம்.

— என்னங்க உளர்றீங்க? எனக்கு எதுக்குங்க உங்க சிறுநீரகம்?

— தம்பி, கொஞ்சம் வாயை மூடு. ஏதோ சரியில்ல. இவ்வளவு புரதம் போற ஆளுக்குக் கால் இப்படிச் சப்பையா இருக்காது. அம்மா, நேரா கேக்கிறேன். அந்த பாட்டில்ல பிடிச்சது நீதானா?

— வந்து...

— ஏய், சொல்லு.

— வந்து... நீங்க கொஞ்சம் வெளிய போங்களேன்.

— நான் ஏன் வெளிய போகணும்? பதினோரு வருஷமாப் புருஷன். எனக்குத் தெரியாம அப்படி என்ன?

— எனக்கு இன்னைக்கு பீரியட்ஸ் ரெண்டாவது நாள்ங்க. பாட்டில்ல பிடிச்சா ரத்தம் கலந்துடும். ஆம்பளை மூத்திரத்துல ரத்தம் இருந்தா அதுக்கு வேற நூறு கேள்வி கேப்பாங்க. ராத்திரி நீங்க கால்ல விழுந்தப்ப எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தலையை ஆட்டிட்டேன்.

— மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்தேன், ஒரு சிவப்பணு கிடையாது. நீ சொல்றது சரிதான். அப்ப அது யாரோடதும்மா?

— இவர் திட்டுவாருக்கா.

— திட்டமாட்டேன். கிரேனே தலையில விழுந்தாலும் திட்டமாட்டேன். எதிர் வீட்டுல கேட்டு வாங்கினியா? உன் தங்கச்சியா? சொல்லித் தொலை.

— காலைல நான் பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு நின்னுக்கிட்டிருந்தேன். தூக்கக் கலக்கத்துல கண்ணைத் திறக்க முடியாம குச்சி வந்து நின்னா, அம்மா ஒன்னுக்குன்னு. வந்து... சின்னப் பிள்ளையோடதுதான, சுத்தமா இருக்கும்னு நெனச்சேன்.

— குச்சி யாரு?

— எங்க பொண்ணுக்கா. ஏழு வயசு. ரொம்ப ஒல்லியா இருப்பா, அதனால அப்பன்காரன் நான் வெச்ச பேரு. இல்லக்கா, அவளுக்கு ஒன்னும் இல்ல. அவ நல்லாத்தான் இருக்கா. இப்பத்தான் ஒரு மாசமா சதை போட்டிருக்கா. கன்னமெல்லாம் பந்து மாதிரி... இனிமே உன்னைக் குச்சின்னு கூப்பிட முடியாது, குண்டுன்னுதான் கூப்பிடணும்னு நேத்துக்கூட...

— தம்பி.

— நல்லாச் சாப்பிடறா போலன்னு இவகிட்ட சொன்னேன்க்கா. சந்தோஷமா இருந்துச்சு.

— எங்கங்க சாப்பிடறா? பாதித் தட்டை அப்படியே வெச்சிடறா. நீங்கதான் அந்த நேரத்துல வீட்டுல இருக்கிறதில்ல.

— காலைல கண்ணு திறக்க முடியலைன்னு சொன்னியேம்மா. இமை உப்பியிருக்குமா?

— ஆமாக்கா. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும்போது சரியாயிடும். டிவி பாத்துப் பாத்துத்தான் கண்ணு வீங்குதுன்னு டிவியைப் பிடுங்கி வெச்சுட்டேன். அக்கா, என்ன? என்னக்கா? நாலு பிளஸ்னு அந்தப் பேப்பர்ல போட்டிருக்கே, அது என்ன?

— உக்காருங்க ரெண்டு பேரும். மூச்சு விடுங்க. சின்னப் பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி வரும். பெரும்பாலும் மருந்துக்குக் கேக்கும், நல்லா ஓடியாடித் திரிஞ்ச பிள்ளைங்களை நானே பாத்திருக்கேன். ஆனா அதை டாக்டர்தான் பாத்துச் சொல்லணும், நான் சொல்லக்கூடாது. ஒன்னு மட்டும் சொல்லுவேன், இன்னைக்கே பாக்கணும். கீழ குழந்தைங்க டாக்டர் அஞ்சு மணி வரைக்கும் இருப்பாரு. நான் போன் பண்ணி வைக்கிறேன். பிள்ளை எங்க இப்ப?

— ஸ்கூல்ல. மூணரைக்குத்தான் விடுவாங்க.

— மூணரை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். போய்க் கூட்டிட்டு வாங்க. தம்பி, உன் பேப்பர்? நாலு மணி?

— கிடக்குதுக்கா. அங்கயே கிடக்கட்டும். வண்டிச் சாவி எங்க வெச்சேன்? ஏய், சாவி உன்கிட்டயா?

— உங்க கையிலதாங்க இருக்கு. கையில வெச்சுக்கிட்டே தேடறீங்க, நான் ஓட்டறேன். குடுங்க.

— சரி, நீ ஓட்டு. இல்ல, நில்லு. முதல்ல ஸ்கூலுக்கு போன் போடு.

— போட்டு என்னன்னு சொல்ல? மூத்திரத்துல நாலு பிளஸ்னா?

— அதெல்லாம் வேண்டாம். மிஸ்கிட்ட சொல்லி, அவ ஷூவைக் கழட்டி விடச் சொல்லு. வாங்கி ஒரு மாசம் ஆகலை, கடிக்குது கடிக்குதுன்னு காலைல அழுதா... புது ஷூ எப்படிடி பத்தாமப் போகும்னு நான்தான் அமுக்கி மாட்டிவிட்டேன்.